பழுதற்ற செய்தியெல்லாம் மெய்யான செய்தியாகாது

இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு அப்பாலுள்ள கடல், கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பிரதான கப்பற் பாதைகளில் ஒன்றாகும். அங்கு செல்லும் கப்பல்கள் ஒன்றையொன்று அறிந்து விலகிச் செல்ல உதவுவது தன்னியக்க அடையாள முறைமை. சர்வதேசப் பயணத்தில் ஈடுபடும் 300 தொன்னும் அதற்கு மேற்பட்டதுமான கப்பல்களில் இக்கருவி இருத்தல் 2004 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து கட்டாயமாகும்.

ஓடிக்கொண்டிருக்கும் கப்பல் தனது ஒன்பது இலக்க அடையாள எண், இருப்பிடம், வேகம், திசை என்பவற்றைச் சில செக்கன்களுக்கு ஒருமுறை வானொலி அலையில் அனுப்புகின்றது. இவ்விபரங்கள் 0, 1 என்னும் 168 குறிகளாக மாற்றப்பட்டு ஒரு தரவுப் பொதியாகக் கட்டப்படுகின்றன. பொதியின் தொடக்கத்தையும் முடிவையும் 01111110 என்ற அடையாளம் காட்டுகின்றது. உள்ளேயுள்ள தரவு இவ்வடையாளமாகத் தோன்றிவிடாதிருக்க, ஐந்து 1 கள் தொடர்ந்து வந்தால் ஒரு 0 செருகப்படுகின்றது. இறுதியில், தரவிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற 16 சோதனைக் குறிகள் சேர்க்கப்படுகின்றன.

பொதியைப் பெறுபவர் செருகிய 0 களை நீக்கி, அதே கணக்கை மீண்டும் செய்கின்றார். விடை பொருந்தாவிடின் பொதி வழியிற் சிதைந்துவிட்டதெனத் தள்ளப்படும். முன்னர் இதற்கெனத் தனிக்கருவி வேண்டியிருந்தது. மென்பொருள் வானொலியிலோ, அன்ரனா வாங்கும் அலை எண்களாக மாற்றப்பட, எஞ்சிய வேலையைக் கணினியே செய்கின்றது. கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்கப்பட்ட மலிவான கருவியை இதற்குப் பயன்படுத்தலாமென்பது 2012 ஆம் ஆண்டளவில் பரவலாகத் தெரியவந்தது.

ஆயின் ஒன்றை நாம் மறத்தலாகாது. சோதனைக் குறிகள் இரைச்சலைக் கண்டுபிடிக்குமேயன்றிப் பொய்யைக் கண்டுபிடிக்கமாட்டா. பொதியமைப்பின் விதிகள் பகிரங்கமானவை. அனுப்பியவர் யாரென உறுதிப்படுத்தும் கையொப்பம் எதுவும் அதில் இல்லை. பொய்யான இருப்பிடத்துக்கும் சரியான சோதனைக் குறிகளைக் கணக்கிட்டுவிடலாம்.

2021 ஜூன் மாதத்தில் உக்ரேனின் ஒடெசா துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் 'டிஃபென்டர்', ரஷ்யாவின் கட்டுப்பாட்டிலுள்ள செவஸ்டபோல் துறைமுகத்தை அண்மித்துவிட்டதாக இம்முறைமையின் தரவுகள் காட்டின. அதே இரவில் கப்பல் ஒடெசாவிலேயே நின்றதைத் துறைமுகக் கமராக்கள் காட்டின. பகைமை மூண்டிருந்த கடலில் அப்பொய்யை நம்பி எவரேனும் செயற்பட்டிருப்பின் விளைவு பாரதூரமாயிருந்திருக்கும்.

எனவே திரையில் நகரும் புள்ளியை ராடர், கமரா, செய்மதிப் படம் ஆகியவற்றுடன் ஒப்புநோக்காது முடிவெடுத்தல் ஆபத்தானது. முத்திரை உடையாத கடிதம் என்பதற்காக அதிலுள்ளதெல்லாம் உண்மையாகிவிடாது. தரவுப் பொதிக்கும் இது பொருந்தும் என்பதே எமது கருத்தாகும்.