மத்தம் சூடிய பெருமான்



மணமும் மென்மையும் உடைய மலர்கள் எத்தனையோ இருக்க, எம்பெருமான் எருக்கையும் ஊமத்தையையும் தன் திருமுடிக்கு உவந்து ஏற்றான். தேவாரத் திருப்பதிகங்கள் ஊமத்தையை மத்தம் என்றும் மதமத்தம் என்றும் பலவிடத்துப் போற்றுகின்றன. மத்தம் என்னும் சொல்லுக்கே மயக்கம், பித்து என்னும் பொருள்கள் உண்டு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் தம் முதற் பதிகத்திலேயே இறைவனைப் பித்தன் என்று விளித்தமையை ஈண்டு நினைவுகூரலாம். ஆலகாலத்தை மிடற்றில் அடக்கியவனுக்கு நச்சு மலர் அணியாதல் பொருத்தமே. ஆயின், அவன் சூடியதனால் அஃது உண்ணத் தக்கது என்றோ, கைமருந்தாகக் கொள்ளத் தக்கது என்றோ எண்ணுவார் இன்றும் உளர். அவர்பொருட்டே இவ்விளக்கம்.

நம் அஸ்தினாபுரத்தில் ஊமத்தையைத் தேடி அலைய வேண்டுவதில்லை. வீடு எழும்பாத மனைகளிலும், வேலியோரங்களிலும், குப்பை கொட்டிய இடங்களிலும் அது தானே முளைக்கும். குழல் போன்று நீண்டு வாய் விரிந்த அதன் பூ அந்திப் பொழுதில் மலர்வது. பிரதோஷ வேளைக்கும் சிவராத்திரிக்கும் இயற்கையே வகுத்த பூப்போலும்! வெண்மையாகப் பூப்பது வெள்ளூமத்தை. கருஞ்சிவப்பு நிறம் ஏறியது கருவூமத்தை. காய் உருண்டு முள்ளுடன் இருக்கும். இரண்டும் நஞ்சே. இலை, பூ, காய், வேர் எதற்கும் விலக்கில்லை. தாவர நூலார் வழங்கும் ‘டாட்டுரா’ என்ற பெயரும் வடமொழித் ‘தத்தூர’த்தினின்று சென்றதேயாம்.

இச்செடியில் அட்ரோபின், ஹயோசின், ஹயோசயமின் என்னும் பொருள்கள் உள்ளன. நரம்பிலிருந்து உறுப்புகளுக்குச் செல்லும் ஒருவகைக் கட்டளையை இவை இடைமறித்து நிறுத்திவிடும். அதனால் வாய் வறளும், கண்மணி விரிந்து பார்வை மங்கும், மேனி சிவந்து கொதிக்கும், நெஞ்சு படபடக்கும், சிறுநீர் கட்டும், பின்னர் அறிவு கலங்கி, இல்லாததை இருப்பதாகக் கண்டு பிதற்றச் செய்யும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் தொடங்கும் இக்கலக்கம், குடலின் இயக்கமும் தளர்ந்துவிடுவதால், இரண்டு நாள்வரை நீடிப்பதும் உண்டு. மிகுந்தால் உயிர் போகும். ஊமத்தை விதை மிளகாய் விதையை ஒத்திருப்பதால், வழிப்போக்கர் உணவில் அதனைக் கலந்து மயக்கிக் கொள்ளையிட்ட கூட்டத்தார் சென்ற நூற்றாண்டுகளில் இந்நாட்டில் இருந்தனர். மிளகாய் விதை மஞ்சளாய்க் காரமாக இருக்கும். ஊமத்தை விதை சற்றுப் பெரிதாய், பழுப்பு நிறத்ததாய்க் கசக்கும்.

இத்தகைய நஞ்சு மருந்தானது எங்ஙனம்? அவ்வரலாற்றில் நம் சென்னைக்கும் ஒரு பங்குண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இங்கு இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் சாயப்பூச்சி வளர்ப்பதற்கெனக் கள்ளித் தோட்டம் அமைத்தவரும் அவரே. ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் இரைப்பு தணியும் என்னும் இந்நாட்டு வழக்கத்தை அவர்வழி அறிந்த ஜென்ட் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், 1802-இல் அதனைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். பின்னர் ஐரோப்பா முழுவதும் இரைப்புச் சுருட்டுகள் விற்பனைக்கு வந்தன. 1804-இல் ஜப்பானில் ஹனவோக்கா செய்ஷூ என்னும் மருத்துவர், ஊமத்தையும் நாபியும் சேர்ந்த மருந்தால் நோயாளியை உணர்விழக்கச் செய்து மார்பகக் கட்டியை அறுத்து அகற்றினார்.

ஆயினும் புகைச்சுருட்டு நிலைக்கவில்லை. ஒரு செடியில் உள்ள நஞ்சின் அளவு மற்றொன்றில் இராது. ஒரே செடியிலும் இலைக்கு ஓர் அளவு, விதைக்கு ஓர் அளவு. கைப்பிடி, கால்பிடி என்று அளந்து கொள்வதற்கு இது கீரையன்று. ஆதலின் அறிஞர்கள் அட்ரோபினைப் பிரித்தெடுத்தும், அதன் அமைப்பைச் சற்றே மாற்றியும் அளவறிந்து பயன்படுத்தத் தலைப்பட்டனர். இன்று மூச்சுத் திணறுவார்க்கு இழுப்பு மருந்தாகத் தரப்பெறும் இப்ராட்ரோபியம் அவ்வாறு பிறந்ததே. அது பெரும்பாலும் மூச்சுக்குழலோடு நின்றுவிடும், மூளைக்கு ஏறுவதில்லை. பூச்சிமருந்து உண்டு உயிருக்குப் போராடுவாரை மீட்க, மருத்துவமனைகளில் முதலிற் செலுத்தப்பெறுவதும் அட்ரோபினே. நஞ்சுக்கு நஞ்சே மாற்றாதல் காண்க.

சித்தர் மரபும் இதனை அளவற்று வழங்கவில்லை. ஊமத்தை இலைச்சாறு, தேங்காயெண்ணெய், மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம் புண்ணுக்கு வெளியே பூசுவதாகும். உள்ளுக்குக் கொடுப்பதாயின் சுத்தி செய்தே கொடுப்பர். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் நச்சுச் சரக்குகளுக்கென அமைந்த அட்டவணையிலும் ஊமத்தை இடம்பெற்றுள்ளது. இத்தகைய சரக்குச் சேர்ந்த உள்மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையிலேயே கொள்ளவேண்டும் என்னும் எச்சரிக்கை உறைமீது இருத்தல் வேண்டும். ஐயமுடையார் நெடுந்தூரம் செல்ல வேண்டா. 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரம் சானடோரியத்திலேயே உள்ளது. மூச்சு நோய்க்கு, டாக்டர் சௌரி முத்து 1928-இல் காசநோயாளர்க்கென நிறுவி, இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக விளங்குவதும் அதே பகுதியில்தான்.

மற்றொன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். வெறிநாய் கடித்தார்க்கு ஊமத்தை கொடுக்கும் பழைய வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. தடுப்பூசி காணாத காலத்தில் அது கதியற்றவர் பற்றிய கொழுகொம்பு. அன்று அதனைக் கொடுத்தவரை நான் குறை கூறேன். குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் தோன்றி வெறிநோய்த் தடுப்பு மருந்து இந்நாட்டில் வேரூன்றிய பின்னர், அவ்வழக்கத்திற்கு இடமில்லை. வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் மீட்பது ஏறத்தாழ இயலாது. கடிவாயைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊமத்தைக்காக இழக்கும் ஒவ்வொரு நாளும் அந்நோய்க்குத் தரும் நாளாகும்.

இனித் திருக்கோயில் நடைமுறை. சிவராத்திரியன்று வடநாட்டில் ஊமத்தங்காயையே படைப்பர். பாங்குடன் அதன் விதையையும் அரைத்துப் பருகி மருத்துவமனைக்குச் சென்றோரும் உளர். இறைவனுக்குச் சாத்திய ஊமத்தை நமக்குப் பிரசாதமாகாது. கண்ணால் கண்டு வணங்குவதோடு அமைக. அதனைப் பறிப்போர் கை கழுவாமல் கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். தட்டில் வில்வம், தும்பையோடு கலக்காமல் தனியே வைத்தல் நன்று. வில்வத்தை வாயிலிடும் அடியார் பலர் உளர். களைந்த நிர்மாலியத்தைப் பசுக்களுக்கு இடும்போதும் ஊமத்தையைப் பிரித்துவிட வேண்டும். கால்நடைக்கும் அது நஞ்சு. குழந்தை காயைக் கடித்துவிட்டதாகத் தெரிந்தால், புளிநீரோ உப்புநீரோ புகட்டி வாந்தியெடுக்க வைக்க முயலாமல், வாயைத் துடைத்து, கடித்த காயையும் கையோடு எடுத்துக்கொண்டு, 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்கு விரைக.