மாட்டுக்கு மணி தெரியாது

மாசி மாதத் தொடக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் வண்டியின் நேரத்தை மாற்றினார்கள். காலை ஆறரைக்கு வந்துகொண்டிருந்த வண்டி இனி ஐந்தரைக்கே வந்துவிடும் என்றார்கள். ஒரு மணி நேரம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். எங்க வீட்டுச் செவலைக்கு அப்படித் தோணலை. விடியறதுக்கு வெகு முன்னாடியே விளக்கைப் போட்டு, தூங்கிக்கிட்டிருந்த மாட்டை எழுப்பிக் கறந்தா, அது பாலை அடக்கிக்கிச்சு. நாலரை லிட்டர் கறந்த மாடு மூன்றரைக்கு இறங்கிவிட்டது. சாயங்கால வண்டி மட்டும் பழைய நேரத்துக்கே வந்ததால் இரண்டு கறவைக்கும் நடுவில் இருந்த இடைவெளியும் குலைந்துபோனது. பால் கறக்க வரும் அம்மாவும், "அந்நேரத்துக்கு இருட்டுல என்னால வர முடியாதுங்க" என்று நின்றுவிட்டார்.

இந்த எரிச்சலில் இருந்தபோதுதான் அமெரிக்காவில் வேலை செய்யும் என் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான்.

"மாமா, இங்க நேத்து ராத்திரி ரெண்டு மணியை மூணு மணி ஆக்கிட்டாங்க. ஒரு மணி நேரத் தூக்கம் போச்சு. எல்லாம் உங்கள மாதிரி விவசாயிகளுக்காக ஆரம்பிச்சதாம்."

"எந்த விவசாயி கேட்டாரு மாப்ள?"

"தெரியல மாமா. இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. எந்த விவசாயி இதைக் கேட்டிருப்பார்? கிடைத்ததை எல்லாம் எடுத்துப் படித்தேன். படித்ததை நம் உழவர்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

ஊருக்கு ஒரு நேரம் இருந்தது

சூரியன் உச்சிக்கு வந்தால் அந்த ஊரில் பகல் பன்னிரண்டு. உலகம் முழுக்க ஒரு காலத்தில் இதுதான் கணக்கு. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. அதனால் கிழக்கே இருக்கும் நாகப்பட்டினத்தில் உச்சி வந்து, சுமார் எட்டு ஒன்பது நிமிடம் கழித்துத்தான் ஈரோட்டில் உச்சி வரும். மாட்டு வண்டியில் போகிறவருக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

ரயில் வந்த பிறகுதான் சிக்கல். ஊருக்கு ஒரு நேரம் இருந்தால் ரயிலுக்குக் கால அட்டவணை போட முடியாது. பிரிட்டனில் 1840-களிலேயே ரயில் கம்பெனிகள் லண்டன் நேரத்துக்கு மாறத் தொடங்கின. 1880-இல் கிரீன்விச் நேரம் சட்டமானது. அமெரிக்காவில் 1883 நவம்பர் 18 அன்று ரயில் கம்பெனிகள் தாங்களே கூடி நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. அடுத்த ஆண்டு வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் 25 நாடுகள் பங்கேற்றன. கிரீன்விச்சை உலகக் கணக்குக்கு அடிக்கோடாக வைப்பது என்று அங்கே முடிவானது.

இந்தக் கதையில் நம்ம சென்னைக்கும் இடம் உண்டு. கிழக்கிந்திய கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் கட்டியது. அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கிருந்த கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் 1802-இல் கணித்த நேரம்தான் 'மெட்ராஸ் நேரம்'. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். பம்பாய் அதற்கு அரை மணி பின்னால், கல்கத்தா அரை மணிக்குச் சற்றே கூடுதலாக முன்னால். நடுவில் இருந்ததால் இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரத்தையே எடுத்துக்கொண்டன.

1906 ஜனவரி 1 முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் பக்கம் போகிற 82.5 பாகைக் கோடுதான் அதற்கு அளவு. சென்னைக்காரர்கள் கடிகாரத்தை ஒன்பது நிமிடம் தள்ளிவைத்ததோடு முடிந்தது. பம்பாய்க்கு 39 நிமிடம் தள்ளவேண்டி வந்தது. அங்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஆலைத் தொழிலாளர்கள்கூடக் கிளர்ந்தார்கள். விடியறதுக்கு முன்னாடி ஆலைச் சங்கு ஊதினா யாருக்குத்தான் கோபம் வராது? பம்பாய் நேரம் என்ற வழக்கம் அந்த நகரத்தில் 1955 வரைக்கும் நீடித்தது. கல்கத்தா நேரம் 1948 வரை இருந்தது.

பகலை மிச்சம் பிடித்த கதை

கோடையில் கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் யோசனையை எழுதிவைத்த முதல் ஆட்களில் ஒருவர், நியூசிலாந்தின் ஜார்ஜ் ஹட்சன். தபால் அலுவலக ஊழியர். வேலை முடிந்து வந்து பூச்சி பிடித்துச் சேகரிப்பது அவருக்குப் பிடித்த காரியம். சாயங்காலம் கூடுதலாக வெளிச்சம் வேண்டும் என்று 1895-இல் இரண்டு மணி நேரம் தள்ளிவைக்கச் சொன்னார். அடுத்தவர் இங்கிலாந்தில் வீடு கட்டித் தரும் தொழில் செய்த வில்லியம் வில்லெட். ஊரே காலை வெயிலில் தூங்கி வீணடிக்கிறது என்று வருத்தப்பட்டு 1907-இல் துண்டு நூல் வெளியிட்டார். பாவம், திட்டம் நிறைவேறும் முன்னே 1915-இல் இறந்துபோனார்.

இந்த இருவரில் ஒருவரும் உழவர் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

யோசனையைச் சட்டமாக்கியது போர். முதல் உலகப் போரின்போது நிலக்கரியை மிச்சப்படுத்த, ஜெர்மனி 1916 ஏப்ரல் 30 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளியது. மூன்று வாரத்தில் பிரிட்டனும் அப்படியே செய்தது. அமெரிக்கா 1918 மார்ச்சில் சட்டம் போட்டது.

எதிர்த்தவர் உழவர்தான்

என் மாப்பிள்ளை கேள்விப்பட்டது தலைகீழ்க் கதை. அமெரிக்காவில் இந்தச் சட்டத்தை எல்லாரையும்விட அதிகமாக எதிர்த்தவர்கள் விவசாயிகள். ஏன் என்று படித்தபோது, எங்க ஊர் டீக்கடையில் கேட்கிற பேச்சு மாதிரியே இருந்தது.

கூலி ஆட்கள் கடிகாரப்படி காலை ஏழு மணிக்கு வந்துவிடுவார்கள். சூரியனுக்கு அது ஆறு மணிதான். மாட்டுக்குக் காயவைக்கும் புல்லில் பனி ஈரம் இன்னும் உலர்ந்திருக்காது. ஈரப்புல்லைக் கட்டிப் போராக வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே ஆட்கள் சும்மா நிற்பார்கள். சாயங்காலம் வெயில் நன்றாக இருக்கும்போதே ஐந்து மணி ஆகிவிடும், ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். பாலைப் பட்டணத்துக்குக் கொண்டுபோகும் ரயில் ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படும். அதற்காக இருட்டில் மாட்டை எழுப்பணும். மாடு வழக்கப்படிதான் சுரக்கும்.

எனக்கு உடனே செவலை ஞாபகம் வந்தது. நூறு வருசத்துக்கு முன்னால, கடல் தாண்டி, யாரோ ஒரு சம்சாரியின் கட்டுத்தரையிலும் இதே சண்டைதான்.

போர் முடிந்ததும் விவசாயிகள் விடவில்லை. 1919-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. குடியரசுத் தலைவர் வில்சன் தன் அதிகாரத்தால் தடுத்தும், அதை மீறி நீக்கினார்கள். ஆனால் நகரங்கள் சில தாங்களாகவே வைத்துக்கொண்டன. வேலை முடிந்து வெளிச்சத்தில் கடைக்கு வருபவர்களால் வியாபாரம் கூடும் என்று கடைக்காரர்களுக்குக் கணக்கு இருந்தது. விளையாட்டுத் தொழிலுக்கும் அப்படித்தான்.

இரண்டாம் உலகப் போரில் மறுபடி வந்தது, போனது. அதன்பின் இருபது ஆண்டுகள் ஊருக்கொரு சட்டம். ஒஹையோவிலிருந்து மேற்கு வர்ஜீனியாவுக்கு 35 மைல் போகிற ஒரு பேருந்துப் பாதையில் ஏழு முறை நேரம் மாறும் நிலைகூட இருந்தது. 1966-இல்தான் நாடு முழுக்கப் பொது விதி வந்தது. அப்போதும் விலகிக்கொள்ள மாநிலங்களுக்கு வழி வைத்தார்கள். வெயில் கொளுத்தும் அரிசோனா பெரும்பாலும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. சாயங்கால வெயில் இன்னும் ஒரு மணி நேரம் அவர்களுக்கு எதற்கு?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1992-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். கிராமப்புறங்கள் திரண்டு 'வேண்டாம்' என்றன, திட்டம் தோற்றது. மேற்கு ஆஸ்திரேலியா 1975 முதல் 2009 வரை நான்கு முறை வாக்களித்தது. நான்கு முறையும் வேண்டாம் என்றே தீர்ப்பு.

நம் பக்கத்தில்

இந்தியாவிலும் போர்க்காலத்தில் கடிகாரத்தைத் தள்ளினார்கள். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை ஒரு மணி நேரம் முன்னால் இருந்தோம். பிறகு பழையபடி ஆனது.

நமக்கு இது தேவைப்படாததற்குக் காரணம் நாம் இருக்கும் இடம். லண்டனில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல், குளிர்காலப் பகல் எட்டு மணிக்கும் குறைவு. ஈரோட்டில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். மிச்சம் பிடிக்க இங்கே ஒன்றும் இல்லை.

நம் நாட்டில் இருக்கும் சிக்கல் வேறு, அகலம். அருணாசலத்தின் கிழக்கு ஓரத்தில் உச்சி வரும்போது கடிகாரம் சுமார் பதினொரு மணி காட்டும். குஜராத்தின் மேற்கு ஓரத்தில் உச்சி வர ஒரு மணி ஆகிவிடும். இரண்டு மணி நேர வித்தியாசத்தை ஒரே கடிகாரத்தில் அடைத்திருக்கிறோம். அசாம் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஒரு மணி நேரம் கூட்டிவைத்த 'தோட்ட நேரம்' நடக்கிறது. அங்கே சீக்கிரம் விடிந்து சீக்கிரம் இருட்டுகிறது, அதனால் சூரியனுக்குத் தக்கபடி வேலையை வைத்துக்கொண்டார்கள். கடிகாரத்தை மாற்றுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மாற்றம் சூரியனை நோக்கியா, அதை விட்டு விலகியா என்பதே கேள்வி.

இலங்கையில் மின் தட்டுப்பாட்டுக்காக 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளினார்கள். அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. அந்தப் பத்தாண்டும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஒரு சின்னத் தீவுக்குள், சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு மணி, அந்தப் பக்கம் ஒரு மணி.

பயிரின் கடிகாரம்

நம்ம பயிர்கள் எதைப் பார்த்து நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். பூசணிப் பூ விடியலில் விரியும். பீர்க்கும் சுரையும் அந்தி சாய்ந்தால்தான் விரியும். நெல் பூக்கிற நாட்களில் காலை ஒன்பது மணி வாக்கில் தொடங்கி உச்சிக்குள் பூ திறந்து மூடிவிடும். அந்த நேரத்தில் எந்தக் கரைசலும் தெளிக்கக்கூடாது என்று நாம் சொல்வது அதனால்தான்.

உங்கள் தோட்டத்து நேரத்தை நீங்களே பார்க்கலாம். சமதளமான இடத்தில் ஒரு நேரான குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். பதினொன்றரையிலிருந்து ஒரு மணிவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். நிழல் மிகச் சின்னதாக இருக்கும் நேரம்தான் உங்கள் உச்சி. அந்த நிழல் காட்டும் கோடு சரியான வடக்கு தெற்கு. வரிசை அமைக்கவும் பந்தல் போடவும் உதவும். மேற்கு மாவட்டங்களில் உச்சி சராசரியாகப் பன்னிரண்டு இருபதை ஒட்டி வரும். பருவத்தைப் பொறுத்து கால் மணி நேரம் வரை முன்பின் ஆகும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதை ஒரு நாள் செய்து பார்த்தார்கள். அன்று முழுக்கக் கடிகாரத்தைக் கேலி பேசிக்கொண்டு திரிந்தார்கள்.

பால் வண்டி என்ன ஆச்சு?

பதினோரு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போய்ப் பேசினோம். வெறும் கையோடு போகவில்லை. நேரம் மாறியதற்கு முன் பத்து நாள், பின் பத்து நாள், வீட்டுக்கு வீடு எத்தனை லிட்டர் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோனோம். "பால் குறைஞ்சா உங்களுக்கும்தானே நட்டம்" என்றோம். வண்டி சுற்றிவரும் பாதையைக் கொஞ்சம் மாற்றினார்கள். இப்போது ஆறு மணிக்கு வருகிறது. நாங்கள் கேட்டது ஆறரை, கிடைத்தது பாதி. செவலை நாலு லிட்டருக்கு ஏறியிருக்கிறது. பால் கறக்கும் அம்மாவும் திரும்ப வருகிறார்.

மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்த நாட்களில், டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து, பாம்புக்குப் பயந்து மோட்டார் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த நேரத்தை முடிவு செய்த மேசையிலும் நாம் உட்கார்ந்திருக்கவில்லை. பால், மின்சாரம், வாய்க்கால் தண்ணீர், சந்தை என்று எதற்கு நேரம் குறித்தாலும், குறிக்கும் முன் உழவரைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்காமல் குறித்துவிட்டால் நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு நாலு பேராகப் போங்கள்.

மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன்: "உங்க ஊரு விவசாயி அதைக் கேக்கலை மாப்ள. வேண்டாம்னுதான் சொன்னாரு."