வளைகாப்புக் கேக்கும் வெப்பமண்டல அலங்காரமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

முன்னுரை

பிறந்தநாள் விழாவிலும் திருமண வரவேற்பிலும் இடம் பிடித்த கேக், இன்று வளைகாப்பு மேடைக்கும் வந்துவிட்டது. ஐந்து வகைச் சாதமும் சந்தனக் கிண்ணமும் கண்ணாடி வளையல்களும் இருக்கும் அதே தட்டு வரிசையில் ஒரு கேக்கும் அமர்ந்திருப்பதைக் கிராமங்களிலும் காண்கிறோம். அமெரிக்கா முதலிய நாடுகளில் பிரசவத்திற்கு முன் தாய்க்குப் பரிசளித்துக் கொண்டாடும் 'பேபி ஷவர்' விழாவின் சாயல் இது. அந்த விழாக் கேக்குகளில் மிகவும் விரும்பப்படும் ஒரு வகை, 'டிராப்பிகல்' எனப்படும் வெப்பமண்டல அலங்காரம். தென்னை மரம், அன்னாசி, செம்பருத்தி, பச்சைக்கிளி, அகன்ற இலை, நீலக்கடல் ஆகியவை அதன் சின்னங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட பகுதியே வெப்பமண்டலம். தமிழ்நாடோ வட அகலாங்கு ஏறத்தாழ 8 பாகை முதல் 13.5 பாகை வரை, முழுவதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. குளிர்நாட்டார் கற்பனை செய்து கேக்கின் மேல் வரைவது நம் கொல்லைப்புறத்தைத்தான். ஆனால் அவர்கள் கையாளும் செய்முறை குளிர்ந்த அடுக்களைக்கு உரியது. அதை நம் வெயிலில் அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும், அதற்கு மாற்று என்ன என்பதை எளிய அறிவியல் வழியே விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சி

என் அக்காவின் வளைகாப்பு அக்கினி நட்சத்திர நாளில் நடந்தது. கைப்பேசியில் பார்த்த ஒரு படத்தைக் காட்டி, பக்கத்து நகரத்துக் கடையில் இரண்டு கிலோ கேக்குக்குச் சொல்லியிருந்தோம். உச்சிவெயிலில் அண்ணன் அதை இருசக்கர வண்டியில் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தபோது, பச்சை இலைகளெல்லாம் வழிந்து அடியில் சேர்ந்திருந்தன. அன்னாசி ஒருபுறம் சாய்ந்து கிடந்தது.

உடனே பக்கத்து வீட்டு அத்தை, "கவலைப்படாதீங்க, வேலியில செவ்வரளி பூத்துக் கிடக்கு. நாலு கொத்துப் பறிச்சுச் செருகினா யாருக்குத் தெரியப்போகுது?" என்று எழுந்தார். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தா, "அரளியையா? வாயும் வயிறுமா இருக்கிற பிள்ளை தின்கிற பண்டத்துல அதை வைக்கலாமா?" என்று அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். வாழையிலையைக் கத்தரித்துச் சுற்றிலும் ஒட்டி ஒருவாறு சமாளித்தோம். அப்பத்தாவின் சொல்லுக்குக் காரணம், பின்னர் தாவரவியல் துணைப்பாட வகுப்பில்தான் எனக்கு விளங்கியது. கேக் வழிந்ததற்குக் காரணம் வேதியியல் வகுப்பில் கிடைத்தது.

வெண்ணெய் ஏன் வழிகிறது?

கேக்கின் மேல் பூசும் வழக்கமான 'பட்டர் கிரீம்' என்பது ஒரு பங்கு வெண்ணெயும் இரண்டு பங்கு சர்க்கரைத் தூளும் சேர்த்து அடித்த குழைவு. வெண்ணெய் ஒரே பொருளன்று. பலவகைக் கொழுப்பு மூலக்கூறுகளின் கலவை. ஆகவே பனிக்கட்டி போல் ஒரே வெப்பநிலையில் உருகாமல் சிறிது சிறிதாக இளகும். 32 முதல் 35 பாகை செல்சியசுக்குள் முற்றிலும் உருகிவிடும். நம் ஊரில் சித்திரை, வைகாசி மாதங்களில் நிழலிலேயே 38 பாகை இருக்கும்போது அதில் வரைந்த இலை எப்படி நிற்கும்?

வனஸ்பதி போன்ற திடக்கொழுப்பைப் பாதி கலந்தால் சற்று அதிக நேரம் தாங்கும். ஆனால் பழைய முறையில் ஹைட்ரஜன் ஏற்றிய கொழுப்புகளில் இதயத்திற்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு மிகுந்திருந்தது. இந்தியாவில் 2022 சனவரி முதல் அதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். எனவே உறையில் உள்ள விவரம் பார்த்தே வாங்க வேண்டும். சில்லறையாக அளந்து தருவதை வாங்கக் கூடாது.

கோடையில் சிறந்த வழி, கேக்கின் மேல் பழக்கூழை மெல்லியதாகத் தடவி, அதன் மேல் 'ஃபாண்டன்ட்' என்னும் சர்க்கரை மாவைச் சப்பாத்தி போல் இட்டுப் போர்த்துவதாகும். அதில் கொழுப்பு மிகக் குறைவு, ஆதலால் உருகாது. ஆனால் சர்க்கரை ஈரத்தை ஈர்க்கும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும், குளிர்ந்த செம்பின் புறத்தே நீர் அரும்புவது போல அதன் மேலும் வியர்வை அரும்பி வண்ணம் கலங்கும். இதற்கு மருந்து எளிது: கேக்கை அட்டைப் பெட்டியில் மூடியபடியே வெளியே வைத்து, அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். அப்போது ஈரம் பெட்டியின் மேல் படியும். கேக்கின் மேல் படியாது.

முட்டை வெள்ளைக்கருவைப் பச்சையாக அடித்துச் செய்யும் வெண்பூச்சைக் கருவுற்றவர் உண்ணும் கேக்கில் தவிர்ப்பதே நல்லது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். இந்த அச்சத்தால்தான் 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை விதித்தது.

அன்னாசியும் கடற்பாசியும்

நீலக்கடலை உருவாக்கப் பலரும் ஜெலட்டின் கூழைப் பயன்படுத்துகிறார்கள். அதன் மேல் பச்சை அன்னாசித் துண்டை வைத்தால் சிறிது நேரத்தில் கூழ் நீராகிவிடும். ஜெலட்டின் ஒரு புரதம். அன்னாசியில் உள்ள புரோமெலின் என்னும் நொதி புரதத்தைச் சிதைக்கும். பழத்தை வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும், பிறகு தீங்கில்லை.

இதைவிட நல்லது அகார் என்னும் கடற்பாசி. இது புரதமன்று, பல்சர்க்கரை. ஆகையால் அன்னாசி இதனை ஒன்றும் செய்வதில்லை. மேலும் ஜெலட்டின் கூழ் நம் வெயிலிலேயே இளகிவிடும். அகாரோ ஏறத்தாழ 35 பாகையில் உறைந்துவிட்டால், மீண்டும் உருக 85 பாகை வேண்டும். வெப்ப நாட்டுக்கென்றே இயற்கை அளித்த கூழ் இது! மன்னார் வளைகுடாக் கரையில் நம் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் பாசிகளிலிருந்தும் அகார் எடுக்கிறார்கள். இளநீரில் அகாரைக் காய்ச்சி ஊற்றினால் கண்ணாடி போன்ற கடல் கிடைக்கும்.

அன்னாசி என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பழுத்த அன்னாசியை உணவாகச் சிறிதளவு உண்பதால் கருவுக்குத் தீங்கு என்பதற்குச் சான்று இல்லை. பால் வடியும் பப்பாளிக்காயை விலக்குவதில் மட்டும் பொருள் உண்டு. ஆயினும் ஒரு துண்டுப் பழத்துக்காக விழா வீட்டில் மனவருத்தம் எதற்கு? அன்னாசியின் உருவத்தைச் சர்க்கரை மாவில் செய்துவிட்டால் அலங்காரமும் நிறைவேறும், பெரியவர்கள் மனமும் நிறையும்.

வண்ணங்கள்

பண்டங்களில் சேர்க்கும் செயற்கை வண்ணங்களில் எட்டினை மட்டுமே நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. துணிச்சாயமாகிய ரோடமின் பி அவற்றுள் ஒன்றன்று. பஞ்சு மிட்டாயில் அது கண்டறியப்பட்டதால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அம்மிட்டாய்க்குத் தடை விதித்தது. கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்புக் கேக்கைக் கண்டால் இதை நினைவில் கொள்க.

வீட்டிலேயே வண்ணம் எடுக்கலாம். மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை கிளி மூக்கிற்கும் அன்னாசிக்கும் போதும். ஆனால் சமையல் சோடா சேர்ந்த மாவில் அதைக் கலந்தால் செம்பழுப்பாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் காரத்தைக் கண்டறிய மஞ்சள் தாளை நனைக்கிறோமே, அதே வினைதான் இது. பசலைக்கீரைச் சாறு இலைப்பச்சை தரும். அதில் எலுமிச்சை பட்டால் பச்சையத்திலுள்ள மக்னீசியம் அமிலத்தால் நீங்கி, நிறம் மங்கிய பாசிநிறமாகும். பீட்ரூட் சாறு செம்பருத்திக்கு ஏற்ற சிவப்பு. சூட்டில் வெளிறும் ஆதலால் ஆறிய பூச்சில் மட்டுமே சேர்க்க வேண்டும்.

மலரும் விஷமும்

இக்கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இதனைப் படிக்க வேண்டுகிறேன். படங்களைப் பார்த்துப் புதுமலர்களைக் கேக்கில் செருகும் வழக்கம் பரவி வருகிறது. வெப்பமண்டலத்தில் அழகுள்ள பூக்கள் பல. அவற்றுள் நஞ்சுள்ளவையும் பல.

அரளியின் எல்லா உறுப்பிலும் ஒலியாண்ட்ரின் முதலிய நஞ்சுகள் உள்ளன. இவை இதயத் துடிப்பையே குலைப்பவை. மஞ்சள் அரளியும் அவ்வாறே. ஈழத்தலரியின் காம்பில் வடியும் பால் வாயையும் தோலையும் புண்ணாக்கும். ஊமத்தைப் பூ மயக்கமும் பிதற்றலும் உண்டாக்கும். நம் மாநில மலராகிய செங்காந்தள், தீக்கொழுந்து போன்ற தன் இதழ்களால் எவரையும் மயக்கும். அதன் கிழங்கிலும் விதையிலும் மற்ற உறுப்புகளிலும் உள்ள கால்ச்சிசின், செல் பிரிதலைத் தடுத்து நிறுத்தும் கடும் நஞ்சு. செல்கள் இடைவிடாமல் பிரிந்து ஓர் உயிர் உருவாகும் காலத்தில், அத்தாயின் தட்டில் அம்மலர் இருக்கலாமா? தொட்டியில் வளர்க்கும் டிஃபன்பாக்கியா இலையிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. அதைக் கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கும்.

நஞ்சில்லாத பூவாயினும், கடையில் வாங்கியதென்றால் பூச்சிமருந்து படிந்திருக்கலாம். ஆகவே கேக்கின் மேல் சர்க்கரை மலர். கேக்கைச் சுற்றித் தட்டில் மட்டும் வாழையிலை, வெற்றிலை, தென்னங்குருத்து. இதுவே பாதுகாப்பான விதி.

ஒரு மாதிரி அலங்காரம்

சென்ற தை மாதம் என் பெரியம்மா மகளின் வளைகாப்புக்கு நாங்களே குக்கரில் மணல் பரப்பி ஒரு கிலோ கேக் சுட்டு அலங்கரித்தோம். முறை வருமாறு:

1. பெரிய தாம்பாளத்தில் கழுவித் துடைத்த வாழையிலை விரித்துக் கேக்கை நடுவில் வைத்தோம்.

2. மேற்பரப்பில் பாதி கடல், பாதி கரை. கடலுக்கு அனுமதிக்கப்பட்ட நீலம் ஒரு துளி சேர்த்த இளநீர் அகார். கரைக்குப் பொடித்த பிஸ்கட்டும் நாட்டுச் சர்க்கரையும். அலை நுரைக்குத் தேங்காய்த் துருவல்.

3. சாக்லேட் குழல் பிஸ்கட் தென்னையின் தண்டாயிற்று. பச்சைச் சர்க்கரை மாவைக் கத்தரியால் கீறி ஓலையாக்கினோம்.

4. கண்ணாடி வளையல் உடைந்து சில்லு விழலாம் என்பதால், சர்க்கரை மாவைத் திரித்துச் சிவப்பும் பச்சையுமாகப் பதினைந்து வளையல்கள் செய்து பக்கவாட்டில் ஒட்டினோம்.

5. தென்னங்குருத்தில் அப்பத்தா முடைந்து தந்த கிளிகள் இரண்டினைத் தாம்பாளத்தின் இருபுறமும் நிறுத்தினோம். படத்தில் பார்த்த எந்தக் கிளியும் அவற்றுக்கு ஈடில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

தாய்க்கு ஒரு பங்கு

கருக்காலத்தில் சர்க்கரை நோய் வருவது நம்மிடையே குறைவன்று. 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் சோதிக்கிறார்கள். 100 மில்லி லிட்டரில் 140 மில்லி கிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனம் தேவை. என் அக்காவுக்கு அந்த எண் 140ஐத் தாண்டியிருந்தது. அவளுக்காகச் செய்த கேக்கில் அவள் நகக்கண் அளவுதான் வாயில் வைத்தாள். மற்றதை நாங்கள் உண்டோம். அந்த நினைவு எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. ஆகவே இரண்டாம் முறை, சர்க்கரை சேர்க்காத இளநீர் அகாரில் கொய்யாத் துண்டுகள் இட்டு, தனியே ஒரு சிறு கிண்ணம் தாய்க்கென்று வைத்தோம்.

முடிவுரை

நண்பர்களே! எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வகுப்பில் கற்ற உருகுநிலையும் நொதியும் ஒரு கேக்கைக் காப்பாற்ற உதவின என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனால் அரளியை ஒதுக்கச் சொன்னது எந்தப் புத்தகமும் அன்று. படிக்காத ஒரு மூதாட்டியின் அனுபவம். அதற்குரிய காரணத்தைக் கற்று, இன்னும் நான்கு வீடுகளுக்குச் சொல்வதே படித்த நம் கடமை. அடுத்த வளைகாப்பில் யாரேனும் வேலிப்பூவைக் கேக்கின் மேல் செருக வந்தால், நம்மில் ஒருவர் எழுந்து கையைப் பிடித்துத் தடுப்போமாக.