தாயம் உருட்டி ஆட ஒரு குறிஞ்சி உலகம்

குன்னூரை விட்டு ஊட்டிப் பக்கம் ஏறும் மலை ரயிலுக்கு அடுத்த நிறுத்தம் வெலிங்டன். அந்தப் பெயர் வரும் முன், நீலகிரியின் படகர் மக்கள் வாழும் பக்கத்து ஊரான ஜெகதளாவின் பெயரால்தான் இந்த இடம் அறியப்பட்டது. 1850களில் பிரிட்டிஷ் படைக்குப் பாசறை எழும்பியது, பிறகு பெயரும் மாறியது. 1905இல் தேவ்லாலியில் தொடங்கி 1907இல் குவெட்டாவுக்குப் போன ராணுவ அதிகாரிகள் கல்லூரி, பிரிவினைக்குப் பின் இந்தியாவுக்கென இங்கே அமைந்தது. இன்று முப்படை அதிகாரிகளும் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் இங்கே படிக்கிறார்கள்.

உலகெங்கும் இத்தகைய கல்லூரிகளில் பரவலாக இருக்கும் ஒரு பயிற்சி, போர் விளையாட்டு. மேசைமேல் வரைபடம், எதிரெதிராக இரண்டு தரப்பு, தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர். ஒரு சிப்பாயைக்கூட நகர்த்தாமல் ஒரு போரை முழுக்க யோசித்துப் பார்க்க இது உதவுகிறது. இளைஞர்கள் இன்று மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடும் ‘ரோல்பிளேயிங்’ மேசை விளையாட்டு இந்தப் பயிற்சியின் வழித்தோன்றல்தான்.

அதை எப்படி ஆடுவார்கள்? நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “இருட்டிவிட்டது. கடம்பூர் மாளிகை வாசலில் காவலர்கள் உன் குதிரையைத் தடுத்து நிறுத்துகிறார்கள். என்ன செய்வாய்?” என்கிறார் நடுவர். ஒருவர் சண்டைக்குப் போகலாம், ஒருவர் உள்ளே நண்பன் இருப்பதாகச் சொல்லிப் பார்க்கலாம், இன்னொருவர் பின்பக்க மதிலைத் தேடலாம். முடிவு சந்தேகத்துக்கு இடமில்லாதது என்றால் நடுவரே சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் பகடை உருளும். பலகையும் காயும் கட்டாயமில்லை. ஜெயித்தவர், தோற்றவர் என்ற கணக்கும் பெரும்பாலும் கிடையாது. கதை நகர்வதுதான் ஆட்டம்.

இதன் வம்சாவளி நம் ஊரிலிருந்தே தொடங்குகிறது. இந்தியாவின் சதுரங்கம் பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் செஸ் ஆனது. 1780இல் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் அந்தப் பலகையைப் பெரிதாக்கி, கட்டங்களில் மலை, ஆறு, சதுப்பு எல்லாம் வைத்து ஒரு போர் ஆட்டம் செய்தார். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட ஆட்டத்தில் கட்டங்களே இல்லை. அவர் விதிகளில் உண்மையான நில வரைபடம், எண்ணாயிரத்தில் ஒரு பங்கு அளவில். ஒவ்வொரு சுற்றும் போர்க்களத்தின் இரண்டு நிமிடம். சேதத்தைப் பகடை சொல்லும்.

அவர் செய்தவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது நடுவருக்கு அவர் கொடுத்த இடம். இரு தரப்பும் தங்கள் கட்டளைகளை எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். எதிரிப்படையில் எது கண்ணுக்குத் தெரியுமோ அதை மட்டுமே அவர் காட்டுவார். செய்தி தாமதமாகப் போய்ச் சேரலாம், போகாமலும் இருக்கலாம். எல்லாம் தெரிந்த நிலையில் ஆடும் சதுரங்கத்திலிருந்து, அரைகுறையாகத் தெரிந்த நிலையில் முடிவெடுக்கும் ஆட்டம் இப்படித்தான் பிரிந்தது. 1876இல் வெர்டி டு வெர்னுவா இன்னும் ஒரு படி போய், தடித்த விதிப்புத்தகம் வேண்டாம், அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். விதியா, நடுவரா என்ற அந்த வழக்கு இன்றைய மேசைகளிலும் தீரவில்லை.

அங்கிருந்து ரோல்பிளேயிங்குக்குப் பாலம் போட்டவர் அமெரிக்காவின் மினசோட்டாக்காரர் டேவிட் வெஸ்லி. 1969இல் அவர் ஒரு கற்பனை ஜெர்மன் நகரத்தை மேசைக்குக் கொண்டுவந்தார். படைத்தளபதிகளோடு நகரத் தலைவர் போன்ற படைசாராத குடிமக்களின் பாத்திரங்களையும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தார். அவர்களோ போரை மறந்து, ஓரம் ஓரமாகப் போய்ப் பேரம் பேசவும் சதி செய்யவும் தொடங்கிவிட்டார்கள். ஆட்டம் குலைந்ததென்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்கள் மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசன், கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து 1974இல் வெளியிட்டதுதான் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மறு ஆண்டே, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகள் கற்பித்த எம்.ஏ.ஆர். பார்க்கர், தான் கற்பனை செய்த டெக்குமெல் உலகத்தை விளையாட்டாக்கினார். இந்திய, மத்திய அமெரிக்கச் சாயல்கள் கலந்த உலகம் அது. ஐரோப்பியக் கோட்டைகளும் டிராகன்களும் இல்லாமலே இந்த ஆட்டம் நிற்கும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அப்படியானால் நம் கதைகளிலும் இதை ஆடலாம். அதற்கு நம்மிடம் பகடை இருக்கிறதா? நன்றாகவே இருக்கிறது. தாயக்கட்டையில் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டை உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். மூன்று நான்கு விதமாகவும், இரண்டும் நான்கும் மும்மூன்று விதமாகவும், தாயமும் ஐந்தும் இவ்விரண்டு விதமாகவும் விழும். ஆறும், இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் கிடைக்கும் பன்னிரண்டும் ஒவ்வொரு விதம்தான். நடுவில் குவிந்து ஓரத்தில் மெலியும் இந்தக் கணக்கு ரோல்பிளேயிங்குக்கு மிகப் பொருத்தம்: சாதாரண விளைவு அடிக்கடி வரும், அதிசயமும் விபத்தும் அபூர்வமாக வரும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது நம் வீட்டு விதி. அதாவது, அரிதானது விழுந்தால் இன்னொரு வாய்ப்பு. 

இனி எந்த உலகம்? பலரும் முதலில் சொல்லக்கூடியது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. காரணம் வலுவானதுதான். ஓலை சுமந்து போகும் வந்தியத்தேவனுக்கு யாரை நம்புவது என்று தெரியாது. ரைஸ்விட்ஸின் நடுவர் உருவாக்கிய அதே மூடுபனி அந்தக் கதையில் இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி புதிராகவே விட்டதால், ஒவ்வொரு நடுவரும் தனக்கொரு விடை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மேசையில் ஐந்து பேர் இருந்தால் ஐவரும் வந்தியத்தேவனாக ஆசைப்படுவார்கள். சோழ வரலாறோ ஏற்கெனவே எழுதி முடிந்தது.

படிக்க நன்றாக இருக்கும் உலகமெல்லாம் ஆட நன்றாக இருக்காது. அந்த உலகம் எதை நம்புகிறதோ அது ஒரு விதியாக மாற வேண்டும். லவ்கிராஃப்டின் திகில் கதைகளிலிருந்து 1981இல் பிறந்த ‘கால் ஆஃப் கதுல்ஹு’வில் பாத்திரங்களின் மனத்தெளிவுக்கு ஒரு மதிப்பெண் உண்டு. பயங்கரமான உண்மையைத் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள அது குறையும். கதையின் உயிரே ஒரு எண்ணாகிவிட்டது.

இந்த உரைகல்லில் தேய்த்தால் என் தேர்வு இதே நீலகிரியில் இருக்கிறது: படகர் வாழ்வைச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும். 1994, 2006, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. காலத்தை அந்தப் பூவால் அளக்கும் மலையில் எருமையும் சாமையும் உருளைக்கிழங்குக்கும் தேயிலைக்கும் இடம்விடுகின்றன, பள்ளிக்கூடம் வருகிறது, மின்சாரத்துக்காக அணை வருகிறது. வில்லன் என்று விரல் நீட்ட யாருமில்லை. ஒவ்வொரு வீடும் என்ன முடிவெடுக்கிறது என்பதுதான் கதை.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. கிரெக் ஸ்டாஃபர்டின் ‘பெண்ட்ராகன்’ 1985இல் ஆர்தர் மன்னன் காலத்தை ஆண்டுக்கொரு சாகசமாக நடத்தியது. வீரன் முதுமை அடைந்தால் மகன் ஆட்டத்துக்கு வருவான். அதைப் போல, ஒரு ஹட்டியின், அதாவது படகர் ஊரின், ஐந்து குடும்பங்களை ஐந்து பேர் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு சுற்று ஓர் ஆண்டு. நிலத்தில் எதைப் போடுவது, மகளைப் படிக்க அனுப்புவதா, அணை வேலைக்குப் போவதா, எருமைகளை விற்பதா என்று ஊர்க்கூட்டத்தில் பேசட்டும். இழுபறி வந்தால் தாயக்கட்டை. பன்னிரண்டு சுற்று முடிந்ததும் குறிஞ்சி பூக்கும், அடுத்த தலைமுறை பாத்திரத்தை ஏற்கும். இதை எழுதப் படகர் இளைஞர்களே முன்வந்தால் இன்னும் சிறப்பு. படகர்கள் கொண்டாடும் ஹெத்தை திருவிழாவை வெளியாள் விதியாக்குவதைவிட, அதில் நடந்தவர்கள் எழுதுவதே முறை.

விளையாட்டு விதி எழுதுவது இந்த மலைக்குப் புதிதல்ல. ஜபல்பூரில் உருவான ஸ்னூக்கருக்கு 1882இல் ஊட்டி கிளப்பில்தான் விதிகள் எழுதப்பட்டன.

அனுமதிக்காக அலையவும் வேண்டாம். ராஜம் கிருஷ்ணன் வாழ்ந்த காலத்திலேயே, 2009இல், தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. கல்கியின் எழுத்துகளும் நாட்டுடைமைதான். இந்த உலகங்களை விளையாட்டாக்க யாருக்கும் உரிமை உண்டு.