துருவக் காற்றில் நுண்ணுயிர்கள்

உறைந்து கிடக்கும் துருவத்தில் கிருமிகளுக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் எரிக் எகலோஃப் அவ்வாறு எண்ணவில்லை. 1902, 1903 ஆம் ஆண்டுகளில் அண்டார்டிகாவின் ஸ்னோ ஹில் தீவில் தங்கியிருந்த அவர், ஊட்டக்கூழ் இட்ட தட்டுகளைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். நுண்ணுயிர்கள் விழவே செய்தன. ஆனால் மிகச் சிலவே.

1933 இல் விமானி லிண்ட்பெர்க், கிரீன்லாந்தின் மேல் பறந்தபோது பசை தடவிய கண்ணாடிச் சில்லுகளைக் காற்றில் நீட்டினார். அவற்றில் பூஞ்சை வித்துகளும் மகரந்தமும் ஒட்டியிருந்தன. பனிப்பாளத்தில் ஏது பூமரம்? தொலைநிலங்களிலிருந்து காற்றே அவற்றைச் சுமந்து வந்திருந்தது!

புழுதியோடும் கடல்நீர்த் திவலையோடும் மேலெழும் நுண்ணுயிர்களுள் பல குளிராலும், வறட்சியாலும், புற ஊதாக் கதிராலும் மடிகின்றன. தடித்த உறைக்குள் உறங்குபவையும் நிறமி உடையவையும் தப்புகின்றன. இன்னொரு வகையின் செயல் வியப்பூட்டுவது. தூய நீரின் நுண்துளி ஏறத்தாழ −38 பாகை வரை உறையாதிருக்கும். சூடோமோனாஸ் சிரிஞ்சே எனும் பாக்டீரியா அதில் இருப்பின், அதன் புரதம் −2 பாகையிலேயே நீரை உறைய வைத்துவிடும். மேகத்தில் இது நிகழுமானால், அப்பனியோடே அதுவும் தரையிறங்கும்.

மனிதர் கொண்டு செல்பவற்றுக்குச் சட்டம் உண்டு. 1991 இல் கையெழுத்தான மாட்ரிட் உடன்பாட்டின்படி, சறுக்குவண்டி நாய்கள்கூட 1994 ஏப்ரலுக்குள் அண்டார்டிகாவிலிருந்து வெளியேற்றப்பட்டன. அவற்றின் நோய் சீல்களைத் தொற்றுமோ என்ற அச்சமே காரணம். காற்றில் வருவதைத் தடுக்கவோ வழியில்லை. முன்பு பனிமேல் விழுந்தவற்றுக்கு, பனி உருகி விலகும் கரையோரங்களில் இன்று ஈரமண் கிடைக்கிறது.