சுஷிப் பலகை



ஒரு நாட்டு மக்களின் இயல்பை அறிய விரும்புவோர் அந்நாட்டின் அரண்மனைகளையும் ஆலயங்களையும் கண்டு திரும்பினால் போதாது. எளிய மக்கள் எங்கே உண்கின்றனர், எவ்வாறு உண்கின்றனர் என்பதையும் காணுதல் வேண்டும். ஜப்பானில் அவ்வாறு காணத்தக்க இடங்களுள் ஒன்று சிறிய சுஷிக் கடை. சுஷி என்றவுடன் 'பச்சை மீன்' என்று முகஞ்சுளிப்போர் பலர். 'செல்வர் உணவு' என்று ஒதுக்குவோரும் உளர். இவ்விரண்டும் முழு உண்மை அல்ல என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

சுஷி என்பது மீனின் பெயர் அன்று. காடியும் உப்பும் சிறிது சர்க்கரையும் கலந்த சோறே அதன் உயிர்நிலை. அச்சொல்லே புளிப்பைக் குறிப்பது. அப்புளிப்பு எங்கிருந்து வந்தது? உப்பிட்ட மீனைச் சோற்றினுள் புதைத்துப் பல மாதங்கள் வைத்தால் சோறு புளிக்கும். அப்புளிப்பு மீனைக் கெடாது காக்கும். தென்கிழக்கு ஆசியாவின் நெல் விளையும் ஆற்றுப் பகுதிகளில் தோன்றிய முறை இது என அறிஞர் கருதுவர். ஜப்பானில் பீவா ஏரிக் கரையில் இன்றும் அம்முறையில் 'பூனாசுஷி' செய்கின்றனர். காலப்போக்கில், மாதக்கணக்கில் காத்திராமல் சோற்றில் காடியைக் கலந்து அப்புளிப்பை உடனே பெறும் வழக்கம் ஏற்பட்டது.

தோக்கியோ நகரம் எடோ என்று வழங்கிய காலத்தில், 1820ஆம் ஆண்டுகளில், இன்று நாம் காணும் கைப்பிடிச் சுஷி பரவியது. ஹனாயா யோஹேய் என்பவரே அதனை வகுத்தவர் என்பது மரபு. உழைப்பாளர் நிறைந்த அந்நகரில் அது தெருவோரத் தள்ளுகடை உணவாக விளங்கியது. கூலியாள் நின்றபடியே இரண்டு மூன்று பிடிகளை உண்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவான். அந்நாளைய பிடி இன்றையதைவிடப் பெரியது. செல்வர் விருந்தாகச் சுஷி பிறக்கவில்லை என்பதை நீங்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பனிப்பெட்டி இல்லாத அக்காலத்தில் மீனைப் பச்சையாக வைத்திருத்தல் எங்ஙனம் இயலும்? ஆகவே ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு பக்குவம் செய்தனர். சூரை மீனைச் சோயாச் சாற்றில் ஊறவைத்தனர். கொஹாடா என்னும் சிறுமீனை உப்பிட்டுக் காடியில் நனைத்தனர். இறாலை அவித்தனர். கடல் விலாங்கை மெல்லிய தீயில் வேகவைத்தனர். பனிக்கட்டி வந்த பின்னரும் இப்பக்குவங்கள் மறையவில்லை. இன்றைய நல்ல கடைகளின் பெருமையே அவற்றில்தான் இருக்கிறது.

1923ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தில் தோக்கியோ அழிந்தபோது, அந்நகரத்துச் சுஷித் தொழிலாளர் பலர் தத்தம் ஊர்களுக்குச் சென்றனர். அவர்களோடு இக்கலையும் நாடெங்கும் சென்றது. போருக்குப் பின்னர் உணவுப் பஞ்சம் சூழ்ந்திருந்த 1947ஆம் ஆண்டில் உணவுக்கடைகள் நடத்துதல் தடைபட்டது. அப்போது தோக்கியோத் தொழிலாளர் ஒரு வழி கண்டனர். உண்பவர் ஒரு 'கோ' அளவு அரிசி கொண்டு வரலாம். அதற்கு ஈடாகப் பத்துப் பிடிகள் செய்து தரப்படும். கூலி மட்டும் பெறப்படும். அவ்வாறு ஒரு தொழில் தன்னைக் காத்துக்கொண்டது.

இனிக் கடைக்குள் செல்வோம். சில ஆண்டுகளுக்கு முன்பு தோக்கியோவில் ஒரு புகைவண்டி நிலையத்தை அடுத்த சந்தில், எட்டே இருக்கைகள் கொண்ட கடை ஒன்றில் நான் நண்பகல் உணவு கொண்டேன். நீண்ட மரப்பலகை ஒன்று. அதற்கு இப்பால் உண்போர், அப்பால் சமைப்பவர். அவரை 'இத்தாமாயே' என்பர். 'பலகைக்கு முன் நிற்பவர்' என்பது அதன் பொருள். அவர் செய்யும் ஒவ்வொன்றும் நம் கண்ணெதிரே நிகழ்கிறது. கத்தியைத் துடைப்பது, கையை நனைப்பது, சோற்றை அளவாக எடுப்பது, வசாபியைத் தொட்டு வைப்பது, மீனை ஏற்றி இரண்டொரு அழுத்தலில் வடிவாக்குவது ஆகிய எல்லாம் சில நொடிகளில் முடிகின்றன. சோறு குளிர்ந்திருத்தல் ஆகாது. உடலின் வெப்பத்தை ஒட்டியிருக்க வேண்டும். வைத்தவுடன் உண்பதே முறை. கையாலும் உண்ணலாம், குச்சியாலும் உண்ணலாம். சோயாச் சாற்றில் சோற்றை அன்றி மீனைத் தொடுதலே நன்று. இடையிடையே ஊறவைத்த இஞ்சித் துண்டு நாவைத் துலக்குகிறது.

என் பக்கத்திலிருந்தவர் இடக்கையால் உண்பவர். இரண்டாவது பிடியிலிருந்து அவருக்கு மட்டும் திசைமாற்றி வைக்கப்பட்டதைக் கண்டேன். யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். நாற்பது மாணவருள் இடக்கைப் பிள்ளைக்கு மேசையின் எப்பக்கம் வசதி என்று நினைத்துப் பார்க்கும் ஆசிரியர் எத்தனை பேர் என்பதை அறிவேன். அந்தப் பலகைக்குக் கடைசி வரிசை என்பதே இல்லை.

அன்று நான் கொடுத்த விலை 1,800 யென். கின்ஸா வட்டாரத்தின் புகழ்பெற்ற கடைகளில் ஓர் இரவு உணவுக்கு 30,000 யென்னுக்கு மேலும் ஆகும். இவ்வேறுபாடு ஏன்? மலிவு என்பது தரக்குறைவால் வந்ததா? அன்று. முதலாவது, இடம் சிறிது. கணவனும் மனைவியுமே பணியாளர். இரண்டாவது, நண்பகலில் வகுத்து வைத்த ஒரே தொகுப்பைத் தருவதால் மீன் வீணாவதில்லை. மூன்றாவதே முதன்மையானது: விலையுயர்ந்த கொழுப்புச் சூரையை நம்பாமல் மத்தி, அயிலை, கணவாய், கொஹாடா போன்ற எளிய மீன்களைக் கொண்டு, அவற்றை உழைப்பால் உயர்த்துகின்றனர். பொருளில் குறைந்ததைக் கைத்திறனால் நிரப்புதலே அவர்தம் சிக்கனம்.

மலிவுக்கு வேறொரு வழியும் உண்டு. 1958ஆம் ஆண்டில் ஒசாகாவை அடுத்த பகுதியில் ஷிராய்ஷி யோஷியாகி என்பவர், மதுத் தொழிற்சாலையில் ஓடும் பட்டையைக் கண்டு, சுஷித் தட்டுகளைச் சுழலும் பட்டையில் வைத்து வழங்கத் தொடங்கினார். குடும்பத்தோடு சென்று குறைந்த செலவில் உண்ணும் வாய்ப்பு பல்லாயிரவர்க்குக் கிட்டியது. அதனை இகழ்தல் தகாது. ஆயினும் அங்கே பிடிப்பவரின் முகத்தை உண்பவர் காண்பது அரிது. சிறுகடைகளோ, பழகுவதற்குப் பல்லாண்டு வேண்டும் ஒரு தொழிலுக்கு இளைஞர் வருவார்களா என்ற கவலையில் இருக்கின்றன.

கடலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பசிபிக் நீலத்துடுப்புச் சூரை மிகைப்பிடிப்பால் பெரிதும் அருகியது. ஆகவே 2015 முதல், முப்பது கிலோவுக்குக் குறைந்த இளம் மீன்களின் பிடிப்பை 2002–2004 ஆண்டுகளின் சராசரியில் பாதியாகக் குறைக்க நாடுகள் உடன்பட்டன. அதன் பின்னர் அவ்வினம் மீளத் தொடங்கியது. எளிய மீனைச் சுவையாக்கத் தெரிந்த கை, அரிய மீனை அழிவினின்று காக்கவும் துணை செய்கிறது.

சுஷிச் சோற்றைத் தொழிலாளர் 'ஷாரி' என்பர். புத்தர் பெருமானின் திருமேனி எச்சத்தைக் குறிக்கும் 'சரீர' என்னும் வடசொல்லே சீனத்தின் வழியாக அவ்வாறு திரிந்தது; நாம் வழங்கும் சரீரம் என்பதும் அதே சொல். வெண்மணி போன்ற சோற்றுப் பருக்கையை அவ்வாறு போற்றினர்.

மாணவர்களே, நாளை நீங்கள் எத்தொழிலை மேற்கொண்டாலும், உங்கள் வேலையை நான்கு பேர் எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணிச் செய்து பாருங்கள். ஜப்பானியர் உண்டு முடித்து எழும்போது, சமைத்தவரை நோக்கி, 'கொச்சிசோ சாமா' என்று நன்றி கூறி விடைபெறுவர். தொழில் செய்பவரின் முகம் பார்த்து அவ்வாறு சொல்லப் பழகுதல் நமக்கும் நன்று.