ஒரு திகதியா, இரண்டு திகதியா?

கண்டியில் கடை வைத்திருக்கும் எவருடைய மேசை லாச்சியைத் திறந்தாலும் செக் புத்தகமும் கலண்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 12ஆம் திகதி ஒரு செக், 15ஆம் திகதி இன்னொன்று, 20ஆம் திகதி மூன்று. அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டே நித்திரையைத் தொலைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

நமது வியாபாரத்தின் பெரும்பகுதி கடனில்தான் ஓடுகிறது. புறக்கோட்டை மொத்த வியாபாரி 30, 45, 60 நாள் தவணைக்குச் சாமான் தருகிறார். முன்கூட்டியே திகதியிட்ட செக்கையும் வாங்கிக்கொள்கிறார். நாமும் மடவளை, தெல்தெனிய, கம்பளை கடைக்காரர்களிடம் அதையே செய்கிறோம். ஒருவருடைய செக் திரும்பினால் அவரை நம்பியிருப்பவருடைய செக்கும் திரும்பும். கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்துகொண்டே செக் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி குற்றமுமாகும். ஆகவே திகதி என்பது விளையாட்டல்ல.

ஆனால் அந்தத் திகதியை எதைப் பார்த்து எழுதினோம்? பெரும்பாலும் ஓர் உத்தேசம்தான். எல்லாம் சரியாக நடந்தால் பணம் வந்து சேரும் நாளை, கட்டாயம் வரும் நாளாக எழுதிவிடுகிறோம். அவதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நமது பிரதேசத்தில் எல்லாம் எப்போதும் சரியாக நடப்பதில்லை. எசல பெரஹர நாட்களில் மாலையானதும் நகர வீதிகள் மூடப்படும். மழை தொடர்ந்தால் மிளகு காயாது. மிளகு விற்றுக் கடன் தீர்ப்பவரின் பணமும் வராது. அக்குறணை நகருக்குள் வெள்ளம் வருவது புதிதல்ல. 2018 மார்ச்சில் திகன, அக்குறணைப் பகுதிகளில் கடைகள் எரிந்தபோது, எரியாமல் மிஞ்சியது அவர்கள் ஏற்கனவே கொடுத்திருந்த செக்குகள்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது கடுகண்ணாவையில் கொழும்பு–கண்டி வீதியே மூடப்பட்டது.

2020இல் சிறு, நடுத்தர வியாபாரக் கடன்களுக்கு மத்திய வங்கி ஆறு மாதச் சலுகைக் காலம் அறிவித்தது. வங்கிகளே தவணையைத் தள்ளலாம் என்றால், நமக்குள் நாம் ஏன் முடியாது? அனர்த்தம் வந்தபின் கெஞ்சிக் கேட்பதைவிட, முதல் நாளிலேயே இடம் விட்டு எழுதுவது இருவருக்கும் மரியாதை.

இது நமக்குத் தெரியாத பழக்கமுமல்ல. பெருநாள் 29 நோன்பிலா, 30இலா என்பது பிறை பார்த்து கொழும்பு பெரிய பள்ளிவாசலில் அறிவிக்கும் வரை தெரியாது. அதற்காக எந்தத் துணிக்கடைக்காரரும் குழம்புவதில்லை. இரண்டு நாளுக்கும் ஆயத்தமாக இருக்கிறார். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனைத் தவணை குறித்து எழுதி வைக்கச் சொல்கிறது. அதற்குச் சற்று முன்னுள்ள 280ஆம் வசனம் சிரமப்படுபவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. எழுத்தும் வேண்டும், இளக்கமும் வேண்டும்.

நமது கடையில் சில வருடங்களாக பில்லில் இரண்டு திகதி எழுதுகிறோம். ஒன்று எதிர்பார்க்கும் நாள். மற்றது கடைசி நாள். இரண்டுக்கும் இடையில் பத்து நாள். செக்கைக் கடைசி நாளுக்கே எழுத வேண்டும்; முன்னரே பணம் கிடைத்தால் காசாகக் கொடுத்து செக்கைத் திருப்பி எடுக்கலாம். பிந்தும் என்று தெரிந்தால் மூன்று நாளுக்கு முன் ஒரு டெலிபோன் கோல். ஓடர் எடுக்கும்போதும் அப்படியே: "வெள்ளிக்கிழமை தருவேன்" என்பதற்குப் பதிலாக "வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையில் தருவேன்" என்று சொன்னால் வாடிக்கையாளர் கோபிப்பதில்லை. சொன்ன நாளில் கிடைக்காதபோதுதான் கோபிக்கிறார்.

"இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், நாளை நாளை என்றே வருடம் கடத்துபவர்கள் உண்டு. அதற்காகத்தான் கடைசி நாள். அதையும் தாண்டினால், ஒரு பகுதிப் பணமாவது கைக்கு வராமல் மூன்றாவது திகதி கொடுக்கக் கூடாது; புதுச் சாமானும் கொடுக்கக் கூடாது. பிந்தியதற்காக மேலதிகப் பணம் வாங்குவதும் கூடாது. அது வட்டியில் போய் முடியும்.

எல்லாவற்றையும் இளக்கவும் முடியாது. ஊழியர் சம்பளம், வரி, வங்கித் தவணை, கல்யாண வீட்டுச் சாப்பாடு ஆகியவற்றுக்கு ஒரே திகதிதான். மற்றவற்றில் நெருக்கடி குறைந்தால் இவற்றைச் சரியான நாளில் செய்வது இலகுவாகும்.

ஏற்கனவே கொடுத்த செக்குகளை மாற்ற முடியாது. இனி எழுதப்போகும் அடுத்த செக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். பேனையை எடுக்குமுன் எதிரில் இருப்பவரிடம் இரண்டு திகதிகளையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.